மைக் செட் சுஐபும் விடிவெள்ளியின் இரண்டாம் பாதியும்

திருப்பாலைக்குடியில் மைக் செட் சுஐபைத் தெரியாதவர் கிடையாது. கல்யாணமோ, கந்தூரியோ, முளைப்பாரியோ, கட்சிக் கூட்டமோ, எது நடந்தாலும் மேடைக்கு ஓரமாக ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு, கழுத்தில் துண்டோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். வாலிபத்தில் சவூதியில் தம்மாம் நகரத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் வேலை பார்த்தார். ஊர் திரும்பும்போது மற்றவர்கள் கம்பளியும் சென்ட் பாட்டிலும் கொண்டுவர, இவர் ஓர் ஆம்ப்ளிஃபயரைக் கைப்பிள்ளையை வைத்திருப்பதுபோல மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். மனைவி உம்மு ஹபீபா அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதென்னவோ உண்மை. ஆனால் அந்தப் பெட்டிதான் இத்தனை வருடமாக அந்தக் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது.

மைக் செட்காரருக்கு ஒரு தொல்லை உண்டு. யார் பேசினாலும் கடைசிவரை கேட்டாக வேண்டும். கூட்டத்துக்கு வந்தவனுக்குப் பிடிக்கவில்லையென்றால் எழுந்து டீ குடிக்கப் போய்விடலாம். இவர் போக முடியுமா? இந்தக் கரையில் எந்தக் கட்சிக்காரர் எந்த இடத்தில் குரலை உயர்த்துவார், எந்த இடத்தில் துண்டை உதறுவார், எங்கே கச்சத்தீவு வரும், எங்கே கண்ணீர் வரும் என்பதெல்லாம் சுஐபுக்கு மனப்பாடம். அவர் எந்தக் கட்சி என்று மட்டும் கேட்கக்கூடாது. அவருக்கு எல்லாக் கட்சியும் வாடிக்கை. கூட்ட மேடையில் ‘ஹலோ, மைக் டெஸ்ட்டிங்’ தவிர வேறு ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வராது. அது தொழில்.

அதற்காகக் கருத்தே இல்லாத மனிதர் என்று நினைத்துவிடக் கூடாது. அம்மாடி! எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்து காலையில் செல்லச்சாமியின் டீக்கடையில் கொட்டுவார். அதிலும் ஒரு விசேஷம். சுஐபுக்கு உலகத்தில் இருக்கும் சகலமும் கால்பந்துதான். அரசியலையும் கால்பந்தை வைத்துத்தான் பேச வரும். கடலில் மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று பேப்பரில் வந்தால் போதும், கிளாஸைக் கீழே வைத்துவிடுவார்.

“மத்தியில கேட்டா மாநிலம்ங்கிறான், மாநிலத்துல கேட்டா மத்திங்கிறான். ரெண்டு டிஃபெண்டரும் ‘நீ எடு, நீ எடு’ன்னு கையைக் காட்டிக்கிட்டே நிக்கிறான். பந்து நடுவுல பூந்து உள்ள போயிருது. அப்புறம் ரெண்டு பேரும் கோல்கீப்பரைத் திட்டுறது.”

கச்சத்தீவைப் பற்றிக் கேட்டால், எல்லாரும் மாற்றி மாற்றிப் பாஸ் போட்டுக்கொள்கிறார்களே தவிர, கோல் பக்கம் போகிற ஆளைத் தான் இன்னும் பார்க்கவில்லை என்பார். மண்டபம் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் குரல் கொஞ்சம் இறங்கிவிடும். ஒரு தலைமுறையையே பெஞ்சில் உட்காரவைத்து ஆட்டத்தை வேடிக்கை பார்க்கச் சொல்கிறார்களே, இது அடுக்குமா என்பார்.

ஆனால் அந்த வருடம் அவர் வாயில் சதா கிடந்து அரைபட்டது ஊராட்சித் தேர்தல்தான். தலைவர், உறுப்பினர் எல்லாருடைய காலமும் முடிந்து ஊர் தனி அலுவலர் கைக்குப் போயிருந்தது. தேர்தல் இந்தா வருகிறது, அந்தா வருகிறது என்று எல்லாக் கட்சிக்காரர்களும் சொல்லிக்கொண்டிருந்தார்களே ஒழிய, வந்தபாடில்லை. தேர்தல் வந்தால் சுஐபுக்குத் தொழில் நடக்கும் என்பது ஒரு பக்கம். அதைவிட அவருக்கு எரிச்சல் மூட்டியது வேறு. பாதி ஆட்டத்தில் முன்னால் இருக்கிறவன் ரெண்டாவது பாதியை ஆடவிடாமல் விசிலைப் பையில் போட்டுக்கொண்டால் அதற்குப் பேர் ஜெயிப்பா என்று டீக்கடையில் வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்திக் கேட்டார். செல்லச்சாமிக்கு அந்தக் கேள்வி அலுத்துப்போய், “பாய், டீ ஆறுது” என்று மட்டும் பதில் சொல்லப் பழகிவிட்டார்.

இவ்வளவு பேசுகிறவருடைய சொந்த அணி எப்படி? அதைக் கேட்காமல் இருப்பதுதான் மரியாதை. விடிவெள்ளி கால்பந்துக் கழகம் என்று பேர். பேருக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. பாதிப் பேர் மண்டபத்து விசைப்படகுகளில் மீன்பிடிக்கப் போகிறவர்கள், மீதிப் பேர் ஊரிலேயே நாட்டுப்படகு. மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறும்போதுதான் பதினொரு பேரும் ஒன்றாக முகம் பார்ப்பார்கள். அதனால்தான் ஊர்ப் போட்டியையே தடைக்காலத்தில் வைப்பது வழக்கம். கேப்டன் ஃபஹத் நல்ல ஆட்டக்காரன், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவனுக்குப் பந்து வந்து சேர்ந்தால்தானே?

முந்தின வருடத்துக்கு முந்தின வருடம் முதல் சுற்றிலேயே கிழிந்து தொங்கினார்கள். போன வருடம் ஆட்டத்துக்கு முதல் நாள் கோல்கீப்பருக்கு விசா வந்து ஆள் விமானம் ஏறிவிட்டான். எப்படியோ சமாளித்துச் சமனில் முடித்து, அதே முதல் சுற்றில் டாஸில் தோற்றார்கள். இரண்டு வருடமும் அந்தத் தோல்வியை மைக்கில் அறிவித்தவர் சுஐபு. கட்சி மேடையில்தான் அவர் ஊமை. பந்து உருண்டுவிட்டால் அந்த மைக்கைப் பிடுங்க யாராலும் முடியாது. எதிரணி கோல் போட்டால், ‘நமது அணியின் தடுப்பாளர் சற்று வழுக்கியதால்’ என்றுதான் ஆரம்பிப்பார். விடிவெள்ளியில் ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஓரிடத்தில் வழுக்கியிருக்கிறான்.

போட்டிக் கமிட்டி ஒரு விதி வைத்திருந்தது. மூன்று வருடம் தொடர்ந்து முதல் சுற்றிலேயே வெளியேறும் அணிக்கு அதற்கப்புறம் இடம் கிடையாது, வேறு ஊர் அணி ஒன்று உள்ளே வரும். ஆர்.எஸ்.மங்கலத்து அணி ஒன்று அந்த இடத்துக்கு வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தது. இந்த வருடமும் தோற்றால், சொந்த ஊர்த் திடலில் சொந்த ஊர் அணிக்கு இடமில்லை. இதை நினைத்தாலே சுஐபுக்குச் சோறு இறங்கவில்லை. அணி தோற்பதற்கே இப்படி என்றால் தான் மவுத்தானால் எத்தனை நாள் பட்டினி கிடப்பார்கள் என்று பார்க்க வேண்டும் என்றார் உம்மு ஹபீபா.

அப்போதுதான் சுஐபு ஜீவிதனைக் கண்டுபிடித்தார். மண்டபம் முகாமில் ஒரு கல்யாண வீட்டுக்கு மைக் கட்டப் போன இடத்தில், பந்தலுக்குப் பின்னால் பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நெட்டையாக ஒருவன் கோலில் நின்று, வருகிற பந்தையெல்லாம் மரத்திலிருந்து காய் பறிப்பதுபோல் அலட்சியமாகப் பறித்துக்கொண்டிருந்தான். முகாமிலேயே பிறந்தும் இன்னும் அகதி என்றுதான் பதிவு. பெயின்டிங் வேலைக்குப் போகிறான். நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். சுஐபு அன்றைக்குத் தாலி கட்டும் நேரத்தில் நாதஸ்வரப் பாட்டை மறந்துவிட்டுப் பையனோடு பேசிக்கொண்டிருந்து, பெண் வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் ஆளைப் பிடித்துவிட்டார். வெளியூர் ஆட்டக்காரர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளக் கமிட்டியில் அனுமதி உண்டு. ஜீவிதன் முகாம் அலுவலகத்தில் சொல்லி, மறுநாள் காலையில் திரும்பிவிடுவதாக ஒப்புக்கொண்டு, வேலையை விட்டுவிட்டுப் பஸ் ஏறி வந்து சேர்ந்தான்.

முதல் சுற்று ஆட்டம் பனைக்குளத்து அணியோடு. நல்ல அணி, போன வருடம் இறுதிச் சுற்றுவரை போனவர்கள். திடல் பள்ளிவாசலுக்குச் சொந்தம். அதனால் இன்னொரு விதியும் உண்டு. பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் ஆட்டம் முடிந்தது. அந்த நேரத்தில் எந்தக் கணக்கோ அதுதான் முடிவு. சமன் என்றால் டாஸ். யாரும் இதில் மறுபேச்சுப் பேசியதில்லை.

சாயங்காலம் திடலைச் சுற்றி ஊரே திரண்டிருந்தது. ஆண்கள் கோட்டுக்கு வெளியே தரையில், பெண்கள் சுற்றியிருந்த மொட்டை மாடிகளில். உம்மு ஹபீபாவும் பக்கத்து வீட்டு மாடியில் இடம் பிடித்துவிட்டார். சுஐபு திடலோரம் மேஜை போட்டு, இரண்டு குழாய் ஸ்பீக்கரை மரத்தில் கட்டி, மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டார். செல்லச்சாமி கடையை அடைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பந்து உருண்டது.

சும்மா சொல்லக்கூடாது, விடிவெள்ளி அன்றைக்கு வேறு மாதிரி ஆடியது. பந்து கால்விட்டுக் கால் போனது. ஒருத்தன்கூட வழுக்கவில்லை! பாதி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பனைக்குளத்துத் தடுப்பாளர் காலில் பட்டுத் திரும்பிய பந்தை ஃபஹத் ஓடிவந்து அப்படியே விளாசினான். வலை அதிர்ந்தது. சுஐபு போட்ட சத்தத்தில் மரத்துக் குழாய் இரண்டும் கிறீச்சிட்டன. மாடிகளில் குலவைச் சத்தம். முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்பதே அந்த ஊருக்கு மறந்துபோயிருந்தது. சுஐபுக்குத் தலை கால் புரியவில்லை. செல்லச்சாமியைப் பிடித்துக் கன்னத்தைக் கிள்ளிவிட்டார்.

இடைவேளை விசில் ஊதியதும் ஒரு கார் வந்து நின்றது. சிறப்பு விருந்தினர் உக்கிரபாண்டி, ஆட்டம் தொடங்கும்போது வந்திருக்க வேண்டியவர், இப்போதுதான் வருகிறார். ஒரு கட்சியின் ஒன்றியப் பொறுப்பாளர். நல்ல மனிதர், ஊரில் யார் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும் தட்டமாட்டார். கையில் மைக்கைக் கொடுத்துவிட்டால்தான் ஆபத்து. ஊராட்சித் தேர்தல் வந்தால் தொண்டியிலிருந்து தேவிபட்டினம்வரை தங்கள் கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் சுஐபின் மைக்தான் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். சுஐபின் தொழிலில் அதைப்போல் ஒரு வாய்ப்பு வந்ததே இல்லை. உம்மு ஹபீபா அதைச் சொந்தக்காரர் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது.

உக்கிரபாண்டி இரண்டு அணிக்கும் கை கொடுத்தார், போட்டோ எடுத்துக்கொண்டார், மைக்கைக் கையில் வாங்கினார். கால்பந்தின் பெருமையில் தொடங்கினார். அங்கிருந்து வீரம், வீரத்திலிருந்து சேது சீமை, சேது சீமையிலிருந்து தன் கட்சி. சூரியன் பனைமரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. செல்லச்சாமி நெளிந்தார்.

“பாய், பொழுது போகுது. முடிக்கச் சொல்லு. இல்லைன்னா ரெண்டாவது பாதி கெடையாது. இப்ப உள்ள கணக்குத்தான்.”

சுஐபு முடிக்கச் சொல்லத்தான் எழுந்தார். பாதி எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இப்ப உள்ள கணக்குத்தான்! இப்ப உள்ள கணக்கு என்ன? விடிவெள்ளி ஒன்று, பனைக்குளம் சைபர். இவர் இப்படியே பாங்குவரை பேசிக்கொண்டே இருந்தால் விடிவெள்ளி ஜெயித்தது. இடம் தப்பியது. வாழ்நாளெல்லாம் எந்தப் பேச்சைக் கேட்டுச் சபித்துக்கொண்டிருந்தாரோ, அந்தப் பேச்சு இன்றைக்கு அல்லாவாகப் பார்த்து அனுப்பிய உதவியாகத் தோன்றியது அவருக்கு. மனம் கிடந்து துள்ளியது.

அதன் பிறகு அவர் செய்த காரியத்தைப் பார்க்க வேண்டுமே! முதலில் எக்கோவைக் கொஞ்சம் கூட்டினார். தன் குரல் ஊரெல்லாம் எதிரொலிப்பதைக் கேட்ட உக்கிரபாண்டிக்கு உற்சாகம் பொங்கியது. சோடா வாங்கிவரச் சொல்லிக் கொடுத்தார். பேச்சு தளர்வதுபோல் தெரிந்ததும் காதருகில் போய், “அண்ணே, தூண்டில் வளைவைப் பத்திச் சொல்லாம விட்டுட்டீங்களே” என்றார். அவ்வளவுதான். அலை அரிப்பு, அதைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவு, கொடுத்த மனு, போன போராட்டம் என்று பேச்சு புது ரத்தம் பாய்ந்து எழுந்தது. அது முடிகிற நேரத்தில் சுஐபு ‘கச்சத்தீவு’ என்று ஒரு வார்த்தை போட்டார். கச்சத்தீவென்றால் லேசில் முடியுமா?

பனைக்குளத்துப் பையன்கள் முகம் சுண்டிப்போய்க் கோட்டோரம் நின்றார்கள். நடுவர் கையைத் திருப்பித் திருப்பிக் கடிகாரம் பார்த்தார். கமிட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, விருந்தாளியை எழுந்து தடுக்கிற தைரியம் ஒருத்தருக்கும் இல்லை. சுஐபு மட்டும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு எக்கோ பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் ஜீவிதன் தண்ணீர் குடிக்க மேஜைப் பக்கம் வந்தான்.

“அண்ணை, இவர் எப்ப முடிப்பார்?”

சுஐபு கண்ணைச் சிமிட்டினார். “முடிக்க மாட்டார்டா தம்பி. முடிக்க விடமாட்டேன்ல. பாங்கு வரைக்கும் இழுத்துட்டா நாமதான்.”

ஜீவிதன் சிரிக்கவில்லை. பாட்டிலை மூடி மேஜையில் வைத்தான். பாதி ஆட்டத்தில் அவன் கைக்கு ஒழுங்காக ஒரு பந்துகூட வந்திருக்கவில்லை. கையுறையில் மண்ணே இல்லை.

“காத்திருக்கிறது எனக்கு வீட்டிலயே கிடைக்குது அண்ணை. நான் இஞ்ச வந்தது விளையாட. ஆட விடுங்கோ.”

அவ்வளவுதான் சொன்னான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திரும்பிப் போய்க் கோலுக்குள் நின்றுகொண்டான். எதிரில் யாரும் இல்லாத திடலைப் பார்த்தபடி இரண்டு கையையும் தட்டிக்கொண்டான்.

சுஐபுக்குச் சுருக்கென்றது. டீக்கடையில் தான் மாதக்கணக்காகத் தொண்டை கிழியக் கேட்ட கேள்வி இப்போது தன்னைப் பார்த்தே கேட்கப்பட்டது. முன்னால் இருக்கிறவன் ரெண்டாவது பாதியை ஆடவிடாமல் விசிலைப் பையில் போட்டுக்கொள்வது. தான் செய்துகொண்டிருப்பது அதுதானே? இன்னும் கேவலம், பிறத்தியார் தொண்டையை வைத்துச் செய்துகொண்டிருக்கிறார். வெட்கமாகிவிட்டது அவருக்கு. ஆடினால் தோற்கலாம், இடமும் போகலாம். ஆனால் அந்தப் பையன் ஒற்றை ஆளாகக் கோலில் நிற்பதைப் பார்க்க முடியவில்லை.

உக்கிரபாண்டியிடம் போய் நிறுத்துங்கள் என்று சொல்லலாம். சொன்னால் ஊர்க் கூட்டத்தின் முன்னால் அவருக்கு அவமானம், தேர்தல் வேலையும் கையைவிட்டுப் போகும். சுஐபு தொழில்காரர். தொழில்காரர் வழியில் போனார். ஒரு பொத்தானை மெல்லத் திருக, குழாய் ஊளையிட்டது. ‘ஐயய்யோ’ என்று முகத்தை வைத்துக்கொண்டு மைக்கைத் தட்டினார். இன்னொரு ஊளை. கச்சத்தீவு பாதிக் கடலில் நிற்கும்போதே ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சை அணைத்துவிட்டார்.

“ஒயர் போயிருச்சுண்ணே,” என்றார். அழுதுவிடுபவர் போலச் சொன்னார்.

உக்கிரபாண்டி லேசுப்பட்டவரா? மைக் இல்லாத காலத்திலேயே மேடை ஏறியவர். வெறுந்தொண்டையிலும் கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தார். ஆனால் முதல் வரிசைக்கு அப்பால் எவருக்கும் கேட்கவில்லை. ஃபஹத் சந்தடியில்லாமல் பந்தை எடுத்துப்போய் நடுவட்டத்தில் வைத்தான். நடுவர் இதற்காகவே காத்திருந்தவர்போல் விசிலை ஊதினார். இரண்டாவது பாதி தொடங்கிவிட்டது.

விருந்தினர் கிளம்பிவிடுவார், கிளம்பியதும் மைக்கைப் போட்டுக்கொள்ளலாம் என்பது சுஐபின் கணக்கு. எங்கே கிளம்பினார்? நாற்காலியை இழுத்து மேஜைக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு, “பாய், என்ன கோளாறுன்னு பாத்துருவோம்” என்று உட்கார்ந்துவிட்டார். சுஐபு வசமாக மாட்டிக்கொண்டார். ஒன்றுமே கெடாத ஆம்ப்ளிஃபயரின் மேல்மூடியைக் கழற்றி, டெஸ்டரை வைத்துக் குத்திக்கொண்டு, வாழ்நாளில் வராத ஆட்டத்தை ஒரு வார்த்தை பேசாமல் பார்க்க வேண்டியதாயிற்று. கூட்டத்திலிருந்து, “சுஐபு காக்கா, மைக் என்னாச்சு?” என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். உக்கிரபாண்டி தன் போனில் டார்ச்சைப் போட்டு ஆம்ப்ளிஃபயருக்குள் வெளிச்சம் காட்டினார். நல்ல மனதோடு, அந்த ஒயரை மாற்றிப் பாருங்கள், இந்த ஃபியூஸைப் பாருங்கள் என்று யோசனை வேறு.

பனைக்குளத்துக்காரர்கள் காத்திருந்த கோபம் முழுவதையும் காலில் கொண்டுவந்திருந்தார்கள். வந்த வேகத்தில் ஒரு கோல். சமன். திடலில் ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. சுஐபு துண்டைக் கடித்தார். சமனில் முடிந்தால் டாஸ். விடிவெள்ளி டாஸில் ஜெயித்ததாகச் சரித்திரமே கிடையாது. தானே கெடுத்தோமே, சும்மா உட்கார்ந்திருந்தால் ஜெயித்திருப்போமே என்று மனம் அடித்துக்கொண்டது. செல்லச்சாமி அவர் தொடையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் ஆடியது ஜீவிதன்தான். வலது மூலையில் ஒன்று, பாய்ந்து தட்டினான். நெஞ்சுக்கு நேராக ஒன்று, வாரி அணைத்தான். தலைக்கு மேலே வந்த ஒன்றை விரல் நுனியால் கம்பத்துக்கு அப்பால் தள்ளிவிட்டான். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அவன் பெயர்கூடத் தெரியாது. “மண்டபத்துத் தம்பி, விடாதே” என்று கத்தினார்கள். பெயரைச் சொல்ல வேண்டியவர் ஊமையாக உட்கார்ந்து ஸ்குரூ முடுக்கிக்கொண்டிருந்தார்.

பள்ளிவாசல் மினாராவில் விளக்கு எரிந்தது. பாங்கு சொல்லும் மோதினார் படியேறுவது திடலிலிருந்தே தெரிந்தது. பனைக்குளத்து அணி கடைசி முறையாக எல்லாருமாகத் திரண்டு ஏறிவந்தது. கோலுக்கு மிகப் பக்கத்திலிருந்து ஒருத்தன் ஓங்கி அடித்தான். எல்லாரும் எழுந்துவிட்டார்கள். பந்து ஜீவிதன் கையில் இருந்தது. விழுந்த வேகத்தில் எழுந்து, இரண்டடி ஓடி, அதை ஓங்கி எறிந்தான். நடுக்கோட்டைத் தாண்டி ஃபஹத்தின் காலில் போய் விழுந்தது. முன்னால் ஆளே இல்லை. ஃபஹத் ஓடினான். ஊரே கூட ஓடியது. பனைக்குளத்துக் கோல்கீப்பர் முன்னே வந்தான், ஃபஹத் பந்தை அவனுக்கு இடப்பக்கமாகத் தட்டிவிட்டான்.

சுஐபின் கை எப்போது சுவிட்சைப் போட்டது என்று அவருக்கே தெரியாது.

“கோல்! கோல்! கோல்! எறிஞ்சது ஜீவிதன், அடிச்சது ஃபஹத்து! நம்ம கோல்கீப்பர் ஜீவிதன், மண்டபம் முகாம் ஜீவிதன், எறிஞ்ச பந்து! விடிவெள்ளி ரெண்டு, பனைக்குளம் ஒண்ணு!”

மரத்துக் குழாய் இரண்டும் முழங்கின. சத்தம் கடலில் போய்த்தான் நின்றிருக்கும். திடலுக்குள் கூட்டம் பாய்ந்தது. சுஐபு நாற்காலிமேல் ஏறி நின்று ஜீவிதன், ஜீவிதன் என்று அந்தப் பெயரையே திரும்பத் திரும்பச் சொன்னார். செல்லச்சாமி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். குனிந்து பார்த்தார். உக்கிரபாண்டி இன்னும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் நேராக சுவிட்சின்மேல் விழுந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில் பாங்கு எழுந்தது. சுஐபு மைக்கை அணைத்தார். நடுவர் விசில் ஊதிக் கையைத் தூக்கினார். திடலில் கட்டிப் புரண்டவர்கள் கட்டிப் புரண்டபடியே அமைதியானார்கள். பாங்கு முடியும்வரை யாரும் பேசக்கூடாது. சுஐபும் உக்கிரபாண்டியும் மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கையும் களவுமாகப் பிடிபட்டவருக்கு அந்தப் பாங்கு என்றுமில்லாத நீளமாக இருந்தது. ஒரு பொய்யை யோசிக்க நேரம் இருந்தது. யோசித்தும் பார்த்தார். வயிறு நிறைய சந்தோஷம் இருந்ததாலோ என்னவோ, பொய் எதுவும் வரவில்லை.

பாங்கு முடிந்ததும் உக்கிரபாண்டி கேட்டார். “மைக்குக்கு ஒண்ணும் ஆகலை போலயே, பாய்?”

“ஒண்ணும் ஆகலண்ணே. நான்தான் அமத்துனேன். நீங்க பேசிக்கிட்டே இருந்தா நாங்க ஆடாமலே ஜெயிச்சிருப்போம். அது வேணாம்னு பட்டுச்சு.”

சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஜீவிதனை நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு மேஜைப் பக்கம்தான் வந்திருந்தார்கள். மாடியிலிருந்து உம்மு ஹபீபா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உக்கிரபாண்டியின் முகம் கறுத்தது. ஊர்ப்பட்ட பேர் முன்னால் பேச்சைப் பாதியில் அறுத்தது தெரிந்தால் யாருக்குத்தான் சுருக்கென்று இருக்காது? அவர் டார்ச்சை அணைத்து, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“சரி. தேர்தல் வரட்டும். கட்சிக்கு வேற மைக் செட்டு இல்லாமலா போயிரும்?”

தொண்டியிலிருந்து தேவிபட்டினம்வரை அத்தனை கூட்டமும் அந்த ஒரு வார்த்தையில் போனது. சுஐபுக்கு அது புரியாமல் இல்லை. நாற்காலியிலிருந்து இறங்கி, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். இருபது வருடமாக எந்தக் கட்சிக்காரர் முன்னாலும் மைக் டெஸ்ட்டிங்குக்கு மேல் பேசாத வாய், டீக்கடையில் பேசுவதுபோலவே பேசிவிட்டது.

“வரட்டும்ணே. மொதல்ல அதை வரச் சொல்லுங்க. நாங்க ஆட ரெடியா நிக்கிறோம்.”

கமிட்டிக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது ஜீவிதன். தோளில் உட்கார்ந்தபடி, கையுறையால் வாயைப் பொத்தியும் அடக்க முடியாமல், விழுந்துவிடுவான்போல் சிரித்தான். அதற்கப்புறம்தான் திடலே சிரித்தது. அந்தக் கூட்டத்தில் எந்தத் தேர்தல் வந்தாலும் ஓட்டு இல்லாத ஆள் அவன் ஒருத்தன்தான்.